25 வயதில் புகுந்த திருடன். 65 வயதில் தெரிந்த களவு!

மூளையைச் சூறையாடும் ரத்தக் கொதிப்பு: தியாகராயநகர் தரும் எச்சரிக்கை

மயிலாப்பூர் கபாலி கோவில் குளக்கரை. சாயங்காலம் 6½ மணி. பூக்கடைகளில் விளக்கு எரிகிறது. பஸ்சுக்கு நிற்கும் கூட்டம் ரோட்டை அடைத்துக்கொண்டு நிற்கிறது.

வெள்ளை வேட்டி. கையில் மஞ்சள் பை. ஒரு பெரியவர் வடக்கு மாட வீதி முனையில் நிற்கிறார். இந்தப் பக்கம் பார்க்கிறார். அந்தப் பக்கம் பார்க்கிறார். அடி எடுத்து வைக்கவில்லை.

"எங்க சார் போகணும்?"

"வீட்டுக்குத்தான்."

"வீடு எங்க இருக்கு?"

பதில் இல்லை. லேசாகச் சிரிக்கிறார். பைக்குள் கையை விட்டு எதையோ தேடுகிறார்.

40 வருடம் நடந்த தெரு அது. எந்தக் கடையில் காப்பித்தூள், எந்தச் சந்தில் திரும்பினால் நிழல் என்று கண்ணை மூடிக்கொண்டு சொன்னவர். அந்தத் தெரு இன்று அவருக்குப் புதுத் தெரு!

இது ஒரு பெரியவரின் கதை அல்ல. வயதானவர்கள் நிறைந்த மயிலாப்பூரிலும் மாம்பலத்திலும் அடையாறிலும் எந்த வீட்டிலும் நடக்கக்கூடிய சங்கதி. "கோவிலுக்குப் போன அப்பாவைக் காணோம்" என்று மகன் தெருத்தெருவாக அலைவான். கடைசியில் யாராவது ஒரு ஆட்டோக்காரர் கொண்டுவந்து விடுவார்.

"வயசாயிடுச்சு. மறதி வரத்தானே செய்யும்" என்பார்கள் வீட்டில்.

அது பாதிதான் உண்மை. இந்தக் களவு நேற்று நடந்தது அல்ல. திருடன் வீட்டுக்குள் புகுந்தது 30, 40 வருடத்துக்கு முன்பு. அவர் வேலைக்குச் சேர்ந்த புதிதில், மீசை கருகருவென்று இருந்த காலத்தில் நுழைந்தவன். சத்தம் போடாமல் உள்ளேயே தங்கியவன். பெட்டி காலியானது இப்போதுதான் தெரிகிறது.

யார் அந்தத் திருடன்?

ரத்தக் கொதிப்பு! கூட வந்த கூட்டாளிகள் சர்க்கரை, கெட்ட கொழுப்பு, புகையிலை, உட்கார்ந்த இடத்து வாழ்க்கை.

88 லட்சம் பேர்

மறதி நோய் என்றால் சாவியை எங்கே வைத்தோம் என்று தேடுவது அல்ல. சாவி எதற்கு என்பதே மறந்துபோவது. கணக்கு தப்பும். பேச்சில் வார்த்தை சிக்காது. குணம் மாறும். கடைசியில் குளிப்பதற்கும் சாப்பிடுவதற்கும் இன்னொருவர் கை வேண்டும்.

இந்தியாவில் 60 வயது தாண்டியவர்களில் 100-க்கு 7 பேருக்கு மேல் இந்த நோயோடு இருக்கிறார்கள் என்று 2023-ல் வெளியான தேசிய அளவிலான ஆய்வு கணக்குச் சொன்னது. மொத்தத்தில் ஏறக்குறைய 88 லட்சம் பேர்! சென்னை மாநகரத்தின் ஜனத்தொகைக்குக் கிட்டத்தட்ட சமம்.

மறதி நோய்க்கு வயதும் பரம்பரையும் காரணங்கள்தான். அவற்றை யாரும் மாற்ற முடியாது. ஆனால் மாற்றக்கூடிய காரணங்களும் இருக்கின்றன. அவற்றில் பல, இதயத்தைக் கெடுக்கிற அதே காரணங்கள். இதயத்துக்கு எது எதிரியோ, அதுவே மூளைக்கும் எதிரி.

25 வருடம் துரத்திய டாக்டர்கள்

இதை எப்படிக் கண்டுபிடித்தார்கள்?

1985, 1986-ம் வருடங்களில் அமெரிக்காவில் ஒரு பெரிய ஆராய்ச்சி தொடங்கியது. பர்மிங்காம், சிகாகோ, மினியாபொலிஸ், ஓக்லாந்து ஆகிய 4 நகரங்கள். 18 வயது முதல் 30 வயது வரை உள்ள 5,115 பேர். கறுப்பர், வெள்ளையர் இருவரும். ஆண், பெண் இருவரும். நோயாளிகளைத் தேடிப் பிடிக்கவில்லை. ஓடியாடித் திரிந்த வாலிப வயதுக்காரர்களைத்தான் சேர்த்தார்கள்.

சில வருடங்களுக்கு ஒரு முறை அவர்களைக் கூப்பிட்டு ரத்த அழுத்தம் பார்த்தார்கள். சர்க்கரை பார்த்தார்கள். கொழுப்பு பார்த்தார்கள். கல்யாணம் ஆனது. பிள்ளை பிறந்தது. வேலை மாறியது. டாக்டர்கள் விடவில்லை. 25 வருடம் துரத்தினார்கள்!

25-வது வருடம் மூளைக்கு 3 பரீட்சை வைத்தார்கள்.

முதல் பரீட்சை, 15 வார்த்தைகளைப் படித்துக் காட்டுவார்கள். கேட்டு, பிறகு திருப்பிச் சொல்ல வேண்டும். இரண்டாவது, ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு குறி உண்டு. நேரம் முடிவதற்குள் எண்ணுக்குக் கீழே சரியான குறியைப் போட்டுக்கொண்டே போக வேண்டும். மூன்றாவது கொஞ்சம் குறும்பானது. "சிவப்பு" என்ற வார்த்தையைப் பச்சை மையில் எழுதியிருப்பார்கள். வார்த்தையைப் படிக்கக் கூடாது. மை என்ன நிறம் என்று சட்டென்று சொல்ல வேண்டும். கணக்கு எழுதுகிறவருக்கும் கல்லாவில் உட்காருகிறவருக்கும் டிரைவருக்கும் தினம் தேவைப்படுகிற புத்திதான் இது.

3,381 பேரின் கணக்கைச் சேர்த்துப் பார்த்தார்கள். டாக்டர் கிறிஸ்டீன் யாஃபே தலைமையிலான குழு 2014-ல் முடிவை வெளியிட்டது.

வாலிபத்தில் இருந்தே ரத்த அழுத்தமும் சர்க்கரையும் கூடுதலாக இருந்தவர்கள், 3 பரீட்சையிலும் பின்தங்கினார்கள்! கொழுப்புக்கும் மூளைக்கும் உள்ள தொடர்பு மட்டும் அந்த அளவுக்குத் தெளிவாகத் தெரியவில்லை.

இங்கே கவனிக்க வேண்டியது வயது. பரீட்சை எழுதியவர்கள் 80 வயதுக் கிழவர்கள் அல்ல. 43 முதல் 55 வயது வரை உள்ளவர்கள். ஆபீசில் சூப்பிரண்டு ஆகிற வயது. மகளுக்கு மாப்பிள்ளை பார்க்கிற வயது. அந்த வயதிலேயே வித்தியாசம் தெரிந்துவிட்டது.

2021-ல் இன்னொரு கணக்கு வந்தது. 4 பெரிய ஆராய்ச்சிகளில் இருந்து 15,001 பேரின் விவரங்களை ஒன்றாகச் சேர்த்தார்கள். வாலிபத்தில் உடல் பருமனோ, சர்க்கரையோ, ரத்த அழுத்தமோ கூடுதலாக இருந்தால், முதுமையில் புத்தி மங்கும் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகிறது என்று அது சொன்னது. முதியவர்களின் வாலிப வயது அளவுகளை நேரே அளந்தது அல்ல. மற்றவர்களின் விவரத்தை வைத்துக் கணக்குப் போட்டு எடுத்தது. ஆகவே இதை ஒரு வலுவான சாட்சி என்று சொல்லலாம். தீர்ப்பு என்று சொல்ல முடியாது.

குழாயில் என்ன நடக்கிறது?

மூளையின் எடை 1 கிலோ 400 கிராம் சுமார். உடம்பின் எடையில் 50-ல் ஒரு பங்குதான். ஆனால் இதயம் அனுப்புகிற ரத்தத்தில் ஏறக்குறைய 7-ல் ஒரு பங்கை அது ஒன்றே வாங்கிக்கொள்கிறது. அவ்வளவு பசி!

இதயம் ஒரு நாளைக்குச் சுமார் 1 லட்சம் தடவை துடிக்கிறது. ஒவ்வொரு துடிப்பும் ஒரு தள்ளு. ரத்தக் குழாய்க்கு ரப்பர் போல விரிந்து சுருங்கும் குணம் உண்டு. தள்ளை அது தாங்கிக்கொள்ளும்.

அழுத்தம் கூடினால்? வருடக் கணக்கில் அடி வாங்கி வாங்கிக் குழாயின் சுவர் தடிக்கிறது. விறைத்துப்போகிறது. உள்ளே வழி குறுகுகிறது. மெயின் குழாயில் தண்ணீர் வேகமாக வரும். தெருக்கோடி வீட்டுக் குழாயில் சொட்டும். அதே நிலைமைதான்! மூளையின் ஆழத்தில் முடியை விட மெல்லிய குழாய்கள் இருக்கின்றன. அவை அடைபட்டால் அங்கே ஒரு சிறு இடம் செத்துப்போகிறது. வலி இல்லை. மயக்கம் இல்லை. அந்த மனிதர் அன்றைக்கும் ஆபீஸ் போய் கையெழுத்துப் போட்டிருப்பார்.

அது பெரிய குழாயில் நடந்தால் பக்கவாதம். எல்லோருக்கும் தெரியும். சின்னக் குழாய்களில் ஒன்று, இரண்டு, பத்து என்று நடந்தால் யாருக்கும் தெரியாது. மூளையின் ஒரு பகுதிக்கும் இன்னொரு பகுதிக்கும் போகும் கம்பிகள் ஒவ்வொன்றாக அறுந்துகொண்டே வரும். ஒரு நாள், வடக்கு மாட வீதியில் வழி தெரியாது.

தியாகராயநகரில் நடந்த கணக்கெடுப்பு

"இதெல்லாம் அமெரிக்காக்காரன் சமாசாரம். நமக்கு என்ன?" என்று கேட்கலாம்.

நம் தியாகராயநகருக்கே வருவோம்!

1990-களின் கடைசியில் சென்னையில் 2 இடங்களைத் தேர்ந்தெடுத்து ஒரு கணக்கெடுப்பு நடத்தினார்கள். ஒன்று தியாகராயநகர் பாரதி நகர். வருமானம் குறைந்த மக்கள் வாழும் இடம். இன்னொன்று திருமங்கலம் ஏசியாட் காலனி. நடுத்தர வருமானக்காரர்கள் வாழும் இடம். டாக்டர் வி.மோகன் தலைமையிலான சென்னை நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனத்தார் வீடுவீடாகப் போய் 20 வயதுக்கு மேற்பட்ட 1,262 பேரைச் சோதித்தார்கள்.

5 பேரில் ஒருவருக்கு ரத்தக் கொதிப்பு இருந்தது!

அதை விடப் பெரிய அதிர்ச்சி இனிமேல்தான். 2003-ல் வெளியான அந்தக் கணக்கைக் கொஞ்சம் பொறுமையாகப் பாருங்கள்.

ரத்தக் கொதிப்பு உள்ளவர்கள் 100 பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர்களில் தனக்கு அந்த வியாதி இருக்கிறது என்று தெரிந்தவர்கள் 37 பேர்தான். அந்த 37 பேரில் பாதிப் பேர்தான் வைத்தியம் செய்துகொண்டார்கள். வைத்தியம் செய்துகொண்டவர்களிலும் 100-க்கு 40 பேருக்குத்தான் அழுத்தம் கட்டுக்குள் இருந்தது.

பெருக்கிப் பார்த்தால் 100-ல் 7 பேர்! மீதி 93 பேர் வீட்டில் கதவு திறந்தே கிடந்தது.

20 வருடம் கழித்து?

தமிழ்நாடு முழுவதும் 2020-ல் ஒரு கணக்கெடுப்பு நடந்தது. 18 முதல் 69 வயது வரை உள்ளவர்களில் 3 பேருக்கு ஒருவர் வீதம் ரத்தக் கொதிப்பு. சரியாகச் சொன்னால் 100-க்கு 33.9. அவர்களில் கட்டுக்குள் வைத்திருந்தவர்கள் எத்தனை பேர்?

100-க்கு 7.3!

மேம்பாலங்கள் வந்தன. மெட்ரோ ரெயில் வந்தது. செல்போன் வந்தது. அந்த 7 மட்டும் 7-ஆகவே நின்றுவிட்டது.

பாரதி நகருக்கு என்ன ஆயிற்று?

அதே ஆராய்ச்சிக்காரர்கள் 10 வருடம் கழித்து அதே 2 இடங்களுக்கும் மறுபடி போனார்கள். 2011-ல் முடிவு வந்தது.

பாரதி நகரில் முன்பு 100-க்கு 8 பேருக்கு இருந்த ரத்தக் கொதிப்பு 20 பேருக்கு ஆகிவிட்டது. 6.5 ஆக இருந்த சர்க்கரை வியாதி 15.3 ஆகிவிட்டது. ஏசியாட் காலனியிலோ சர்க்கரை 12.4-ல் இருந்து 15.4 ஆனது.

"பிரஷரும் சர்க்கரையும் பணக்கார வியாதி" என்று சொல்லிக்கொண்டு இருந்தோமே, அந்தப் பேச்சு அன்றோடு முடிந்தது. உழைக்கிறவன் வீட்டுக்கும் திருடன் வந்துவிட்டான். வசதி உள்ளவர் வீட்டில் காவலுக்கு டாக்டர் உண்டு. இவர் வீட்டில் அதுவும் இல்லை.

இன்னொரு விஷயமும் உண்டு. 52 நாடுகளில் நடந்த ஆராய்ச்சி ஒன்றில், இந்தியா, பாகிஸ்தான், இலங்கை உள்ளிட்ட தெற்காசியப் பகுதி மக்களுக்கு முதல் மாரடைப்பு சராசரியாக 53 வயதில் வந்தது. மற்றவர்களுக்கு 58.8 வயதில். ஏறக்குறைய 6 வருடம் முன்னதாக! ஆகவே "40 வயசுக்கு மேல பார்த்துக்கலாம்" என்ற பேச்சு நமக்குப் பொருந்தாது.

அண்ணாச்சியும் தம்பியும்

ரெங்கநாதன் தெரு மாதிரி ஒரு கடைத்தெருவைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். காலை 9½ மணிக்கு ஷட்டர் தூக்கினால் ராத்திரி 10 மணிக்குத்தான் இறங்கும். நிற்பது ஒரே இடத்தில். பகல் சாப்பாடு 3 மணிக்கு. அதில் ஊறுகாய் ஒரு பக்கம், அப்பளம் ஒரு பக்கம். நடுநடுவே டீ. டீயோடு பஜ்ஜி. சிலருக்கு கூடவே சிகரெட். படுக்கும்போது மணி 12.

அப்படிப்பட்ட கடையில் நடக்கக்கூடிய பேச்சு இது:

"தம்பி, தெருமுனையில இலவசமா பிரஷர் பார்க்கிறாங்க. போய்ப் பார்த்துட்டு வாயேன்."

"எனக்கு 27 வயசு அண்ணாச்சி. எனக்கு எதுக்கு பிரஷர்? நல்லாத்தானே இருக்கேன்."

"நானும் உன் வயசுல அப்படித்தான் சொன்னேன். இப்ப மூணு மாத்திரை முழுங்குறேன். போன வாரம் பழைய வாடிக்கைக்காரர் பேரே வாயில வரலை."

தம்பியின் பேச்சில்தான் மர்மம் முழுவதும் இருக்கிறது. "நல்லாத்தானே இருக்கேன்!" ரத்தக் கொதிப்பு உள்ளவர்களில் பெரும்பாலோருக்கு ஒன்றுமே தெரியாது. தலைவலி வரும், படபடப்பு வரும், அப்போது பார்த்துக்கொள்ளலாம் என்று காத்திருக்கிறார்கள். அது வராது. வருவது நேரே மாரடைப்பாகவோ பக்கவாதமாகவோ இருக்கலாம். அல்லது 30 வருடம் கழித்து, மறதியாக.

மருந்து இல்லாத காலம்

ஒரு காலத்தில் கண்டுபிடித்தாலும் பயன் இல்லை. அமெரிக்க ஜனாதிபதி பிராங்க்ளின் ரூஸ்வெல்ட் இரண்டாம் உலகப் போரையே நடத்தியவர். அவருக்கு ரத்தக் கொதிப்பு என்று டாக்டர்களுக்குத் தெரியும். சரியான மருந்துதான் கிடையாது. 1945 ஏப்ரல் 12-ந் தேதி மூளையில் ரத்தக் கசிவு ஏற்பட்டு 63-வது வயதில் மாண்டார்.

வழி காட்டியவர்களில் ஒருவர் நம் நாட்டுக்காரர்! பம்பாய் டாக்டர் ருஸ்தம் ஜால் வக்கீல். நம் நாட்டு மூலிகையான சர்ப்பகந்தா ரத்தக் கொதிப்பைக் குறைக்கிறது என்று 1949-ல் பிரிட்டிஷ் இதய மருத்துவப் பத்திரிகையில் எழுதினார். உலகமே திரும்பிப் பார்த்தது.

இன்று அதைவிட நல்ல மாத்திரைகள் வந்துவிட்டன. ஆஸ்பத்திரியில் இலவசமாகவே கிடைக்கின்றன. ரூஸ்வெல்டுக்குக் கிடைக்காதது மாம்பலத்துக் கடைப் பையனுக்குக் கிடைக்கிறது. வாங்கிச் சாப்பிடத்தான் ஆள் இல்லை!

குறைத்தால் மூளை பிழைக்குமா?

நியாயமான கேள்வி. அழுத்தத்தைக் குறைத்தால் மறதி தள்ளிப்போகுமா?

அமெரிக்காவில் 50 வயதுக்கு மேற்பட்ட 9,361 பேரை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதிக்கு மேல் அழுத்தம் 140-க்குள் இருந்தால் போதும் என்றார்கள். இன்னொரு பாதிக்கு 120-க்குள் கொண்டுவந்தார்கள். 2019-ல் முடிவு வந்தது. மறதி நோய்க்கு முந்தைய கட்டமான லேசான புத்தித் தடுமாற்றம், 120-க்குள் இருந்தவர்களுக்கு 100-க்கு 19 பங்கு குறைவு. முழு மறதி நோயும் குறைந்தது போலத்தான் தெரிந்தது. ஆனால் உறுதியாகச் சொல்ல எண்ணிக்கை போதவில்லை.

அந்தக் குறையைச் சீனா தீர்த்தது. அங்கே 326 கிராமங்களில் 40 வயதுக்கு மேற்பட்ட, ரத்தக் கொதிப்பு உள்ள ஏறக்குறைய 34 ஆயிரம் பேர். பாதி கிராமங்களில் கிராமத்துச் சுகாதார ஊழியர்களே மாத்திரை கொடுத்து, உப்பைக் குறைக்கச் சொல்லி, அழுத்தத்தைக் கட்டுக்குள் கொண்டுவந்தார்கள். 4 வருடத்தில் அந்தக் கிராமங்களில் மறதி நோய் 100-க்கு 15 பங்கு குறைந்தது! 2025-ல் வெளியான முடிவு இது. பெரிய ஸ்பெஷலிஸ்ட் இல்லை. பெரிய ஆஸ்பத்திரி இல்லை.

"லான்செட்" மருத்துவப் பத்திரிகை அமைத்த நிபுணர் குழு 2024-ல் 14 காரணங்களைப் பட்டியல் போட்டது. ரத்தக் கொதிப்பு, சர்க்கரை, கெட்ட கொழுப்பு, பருமன், புகை, உடற்பயிற்சி இன்மை, காது கேளாமை எல்லாம் அதில் உண்டு. அவை அத்தனையையும் சரிசெய்தால், உலகத்தில் மறதி நோயில் 100-க்கு 45 பங்கைத் தடுக்கலாம், அல்லது தள்ளிப்போடலாம் என்றது அந்தக் குழு.

வாலிபத்திலேயே குறைத்தால் இன்னும் நல்லதா? அதை நிரூபிக்க 40 வருடம் காத்திருக்க வேண்டும். அதுவரை திருடனை உள்ளே வைத்துக்கொண்டு யாராவது தூங்குவார்களா?

சொந்தக் காசில் பூங்கா

ஏசியாட் காலனிக்காரர்கள் செய்த ஒரு காரியத்தைச் சொல்லியாக வேண்டும். கணக்கெடுப்பு முடிந்ததும் டாக்டர்கள் "நடங்க, நடங்க" என்று சொல்லிக்கொண்டே இருந்தார்கள். நடக்க இடம் வேண்டாமா? காலனி ஜனங்கள் சொந்தக் காசைப் போட்டு ஒரு பூங்கா அமைத்தார்கள்.

முன்பு அங்கே வாரத்தில் 3 நாளுக்கு மேல் உடற்பயிற்சி செய்தவர்கள் 100-க்கு 14 பேர். பிறகு 58 பேருக்கு மேல்! அங்கே சர்க்கரை அதிகம் ஏறாததற்கு பூங்கா ஒன்றே காரணம் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் இடம் இருந்தால் ஜனங்கள் நடப்பார்கள் என்பது நிச்சயம்.

தென்சென்னைக்கு இடப் பஞ்சம் இல்லை. லஸ்சில் நாகேஸ்வரராவ் பூங்கா இருக்கிறது. தியாகராயநகரில் நடேசன் பூங்காவும் பனகல் பூங்காவும் இருக்கின்றன. அடையாறு, பெசன்ட்நகர் பக்கம் 8 கிலோமீட்டர் நடைபாதையை 2023 நவம்பரில் அரசு தொடங்கிவைத்தது. மாம்பலம் ரெயில் நிலையத்தையும் தியாகராயநகர் பஸ் நிலையத்தையும் இணைக்கும் ஆகாய நடைபாலம் அரை கிலோமீட்டருக்கு மேல் நீளம். தினம் போக, வர நடந்தாலே ஒரு கிலோமீட்டர் கணக்கில் சேர்ந்துவிடும்.

காவல் போடுவது எப்படி?

திருடனைப் பிடிக்க போலீஸ் வேண்டாம். கையை நீட்டினால் போதும்.

மாநகராட்சி ஆரம்ப சுகாதார நிலையங்களில் பிரஷர் பார்க்கக் காசு கிடையாது. 18 வயது ஆனவர்கள் எல்லோரும் பார்த்துக்கொள்ளலாம். பார்ப்பதற்கு அரை மணி முன்பு காப்பி, டீ, சிகரெட் கூடாது. ஓடிவந்த மூச்சோடு கையை நீட்டக் கூடாது. 5 நிமிடம் சாய்ந்து உட்கார வேண்டும். பேசக் கூடாது. ஒரு தடவைக்கு இரண்டு தடவை பார்க்கச் சொல்ல வேண்டும்.

120-க்கும் 80-க்கும் கீழே இருந்தால் நல்லது. 140 அல்லது 90-ஐத் தொட்டு, வேறு நாளில் பார்த்தும் அப்படியே இருந்தால் ரத்தக் கொதிப்பு. நடுவில் இருக்கிறவர்கள்தான் முக்கியம். வாசலில் நிழல் தெரிகிறது என்று அர்த்தம். கதவைத் தாழ் போட அதுதான் நேரம்.

உப்பு ஒரு நாளைக்கு 5 கிராம், அதாவது ஒரு டீஸ்பூன் போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். குழம்பில் போடுவது மட்டும் அல்ல. ஊறுகாய், அப்பளம், கருவாடு, மிக்சர், சிப்ஸ் எல்லாம் சேர்த்து! வாரத்துக்கு 150 நிமிடம் வேகநடை. அதாவது 5 நாள், தினம் அரை மணி. சிகரெட், பீடி, புகையிலைக்குக் கும்பிடு போட வேண்டும். வேளைக்குத் தூங்க வேண்டும்.

டாக்டர் மாத்திரை கொடுத்தால், "இப்ப நார்மல் ஆயிடுச்சு" என்று தானாக நிறுத்தக் கூடாது. நார்மல் ஆனதே மாத்திரையால்தான்! அதுபோல, 120-க்குக் கொண்டுவருகிறேன் என்று தானாக அளவைக் கூட்டவும் கூடாது. வயதானவர்களுக்குத் தலை சுற்றி விழும் அபாயம் உண்டு.

ஆஸ்பத்திரிக்கு நடக்க முடியாதவர்களுக்கு "மக்களைத் தேடி மருத்துவம்" திட்டத்தில் ரத்தக் கொதிப்பு, சர்க்கரை மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன. 2021 ஆகஸ்டில் தொடங்கிய திட்டம் இது. அடையாறில் டாக்டர் கே.எஸ்.சஞ்சீவி என்பவர் 1958-லேயே "வியாதி வருமுன் குடும்பத்தோடு சோதனை செய்துகொள்ளுங்கள்" என்ற கொள்கையோடு வி.எச்.எஸ். அமைப்பைத் தொடங்கினார். சென்னைக்கு இது புதுப் பாடம் அல்ல. மறந்துபோன பாடம்.

வழி தெரியாமல் நிற்கும் பெரியவரைப் பார்த்தால் ஒதுங்கிப் போகாதீர்கள். சட்டைப் பையில் விலாசம் இருக்கிறதா என்று பாருங்கள். 112-க்குப் போன் போட்டால் போலீஸ் வரும். முதியோர் உதவிக்கு 14567 இருக்கிறது. வீட்டில் மறதி உள்ளவர்கள் இருந்தால், அவர் பையில் ஒரு சீட்டில் போன் நம்பரை எழுதி இன்றே வையுங்கள்.

மறுபடியும் குளக்கரை

வடக்கு மாட வீதி முனை. பெரியவரை அழைத்துப் போக மகன் வந்துவிடுகிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆபீஸ் பை தோளில். பஸ்சில் இருந்து இறங்கி ஓடிவந்த மூச்சு. வயது 32. சட்டைப் பையில் சிகரெட் பெட்டி.

"வாங்கப்பா, போகலாம்" என்று கையைப் பிடிக்கிறான்.

அப்பாவின் வீட்டில் களவு போய்விட்டது. போனது போனதுதான், மிச்சத்தைக் காப்பாற்றலாம்.

மகனின் வீட்டில் இன்னும் எல்லாம் அப்படியே இருக்கிறது. நாளைக் காலை ஆபீஸ் போகும் வழியில் அவன் ஒரு நிமிடம் கையை நீட்டுவானா, மாட்டானா என்பதில்தான் இருக்கிறது எல்லாம்!